அனுமதிக்கப்பட்ட பிழை

அத்தியாயம் ஒன்பது

பெரியவளுக்குப் பொய் சொல்ல வராது என்றுதான் உறவும் ஊரும் நம்பிக்கொண்டிருந்தன. அவள் பார்க்கிற வேலை அப்படி. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் எடை ஆய்வாளர். தட்டைக் கட்டைவிரலால் அமுக்குகிறவர்கள், தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டுகிறவர்கள், எடைக்கல்லைக் குடைந்து ஈயத்தை உருவுகிறவர்கள் என்று எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். தம்பி அவளுக்கு வைத்த பட்டப்பெயரே 'தராசு'தான்.

அப்பேர்ப்பட்டவள், பெற்ற அப்பாவின் காதில் சில நாட்களாகப் பூச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். முதுகில் பிடிப்பு, வாயுத் தொல்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி, காய்ச்சலைப் போர்வைக்குள் ஒளித்துவைத்து, ஒரு வாரத்தை ஓட்டினாள். கடைசியில் சமையலறையில் நின்றபடியே பேச்சுக் குழறிச் சரிந்தாள். சிறுநீரகத்திலிருந்து இறங்கிய கல் பாதையை அடைத்து, பின்னால் சீழ் கட்டி, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். முதல் நாளே கீழ்வழியாக ஒரு மெல்லிய குழாயை வைத்து அடைப்பை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு இந்தக் குடும்பம் ஓர் எண்ணைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது.

பிளேட்லெட் எண். ரத்தம் கசிந்தால் ஓடிப்போய் அடைக்கிற தட்டணுக்களின் கணக்கு. நல்ல உடம்பில் அது ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு முதல் நாள் எண்பதாயிரம்.

"இது தனி வியாதி இல்லம்மா," என்று பெரியவளிடம் விளக்கினார் அந்தப் பிரிவின் டாக்டரம்மா. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த, அதட்டத் தெரியாத மனுஷி. "கிருமி ரத்தத்துல இருக்கறதால உடம்பு பூரா சின்னச் சின்னதா ரத்தம் உறையுது. அதுக்குத் தட்டணு செலவாகுது. புதுசா உற்பத்தியும் மந்தம். இந்த எண் ஏறுதா இறங்குதான்னு பாத்தாலே உள்ள யார் ஜெயிக்கறாங்கன்னு ஓரளவு தெரிஞ்சிடும்."

யார் ஜெயிக்கிறார்கள் என்கிற கேள்வி அப்பாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து நடுவர். தெருவில் யாரைக் கேட்டாலும் 'விசில் வீடு' என்றுதான் வழி சொல்வார்கள். ஊதினால் ஊதினதுதான். தப்பாக ஊதிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்த ஆட்டங்களில்கூட அவர் பின்வாங்கியதில்லை.

அந்த விசிலுக்குப் பயந்தே இந்த வீட்டில் ஒரு பழக்கம் வளர்ந்துவிட்டது. கெட்ட செய்தியை யாரும் அப்படியே கொண்டுபோய் அப்பா முன்னால் வைப்பதில்லை. சின்னவன் கணக்கில் தோற்றபோது, பரீட்சை முடிவே இன்னும் வரவில்லை என்று அம்மா இரண்டு மாதம் சமாளித்தாள். சித்தப்பாவுக்கு வேலை போனதை 'நீண்ட விடுப்பு' என்றார்கள். தண்ணீர் கலந்து கலந்து, செய்தி அப்பாவிடம் போய்ச் சேரும்போது அதில் காரமே இருக்காது.

அதனால் இரண்டாம் நாள் எண் ஐம்பதாயிரத்துக்கு இறங்கியபோது, பெரியவள் வீட்டுப் பழக்கத்தைத்தான் செய்தாள். உள்ளே போய் டாக்டர் சொல்வதைக் கேட்க ஒருவருக்குத்தான் அனுமதி. அப்பா முழங்கால் வலி என்று கீழே காத்திருப்போர் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தின நாளிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை.

"ஸ்கோர் என்ன?" என்றார்.

"எண்பத்தஞ்சுப்பா. கொஞ்சம் ஏறியிருக்கு."

அப்பா அன்றைக்கு ரொட்டி சாப்பிட்டார்.

தராசுகளில் இவ்வளவு வரை முன்னே பின்னே இருக்கலாம் என்று சட்டமே விட்டுக்கொடுக்கிறது. அதற்கு அனுமதிக்கப்பட்ட பிழை என்று பெயர். தான் கூட்டிச் சொன்னதும் அந்தக் கணக்கில்தான் சேரும் என்று பெரியவள் தனக்குத் தானே முத்திரை குத்திக்கொண்டாள். ஆனால் அவள் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. சோதிக்கிற கல்லே தப்பாக இருந்தால், அதை வைத்துச் சோதித்த எல்லாமே தப்பு. அவளோ மறுநாள், உண்மையான எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, முந்தின நாள் தான் சொன்ன பொய்யோடு ஒட்டவைத்து அடுத்ததைச் சொன்னாள். உண்மை முப்பத்தெட்டு. அவள் சொன்னது லட்சம்.

அப்பா அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

---

இன்று காலை அவள் காய்கறி மார்க்கெட்டில் இருந்தாள். லீவு போட்டால் உட்கார்ந்து யோசிக்க நேரிடும் என்பதால் வேலைக்கு வந்துவிட்டாள். வெங்காயக் கடைத் தராசில் தன் சோதனைக் கற்களை ஒவ்வொன்றாக வைத்தாள். இல்லாத எடையைத் தராசு இருப்பதாகக் காட்டியது.

"கொஞ்சந்தானே மேடம் கூடுது," என்றார் கடைக்காரர், தலையைச் சொறிந்துகொண்டு. "வாங்கறவங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்."

அவள் பதில் சொல்வதற்குள் கைப்பேசி அடித்தது. சின்னவன். அவனுக்குப் பேக்கரியில் அடுப்பு வேலை. இரண்டு கைகளிலும் சூட்டுத் தழும்பு வரி வரியாக இருக்கும்; ஆனால் ஊசி என்றால் முகம் வெளிறிவிடும். இன்று தட்டணு கொடுக்க ரத்த வங்கிக்குப் போயிருந்தான்.

"அக்கா, எங்க இருக்க?"

"மார்க்கெட்ல. ஏன் ஒரு மாதிரி பேசற?"

"உதடெல்லாம் விறுவிறுங்குது. மெஷின் ரத்தத்தை இழுத்து, தட்டணுவை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் திருப்பி உள்ள விடுது. அதுல கலக்கற மருந்தாலயாம். பயப்பட ஒண்ணுமில்லன்னு ஒரு மாத்திரையைக் குடுத்துச் சப்பச் சொல்லியிருக்காங்க."

"அம்மாவுக்கு எப்ப ஏத்துவாங்க?"

"இது அம்மாவுக்கு இல்லயாம். இதைப் பரிசோதனை பண்ணி வெச்சுக்குவாங்களாம், அம்மாவுக்கு ரெடியா இருக்கற பையைத் தருவாங்களாம். நான் என்னமோ நேரா அம்மாவுக்குப் போகுதுன்னு பல்லைக் கடிச்சுட்டுக் கிடக்கேன். அதை விடு. இங்க அம்மாவுக்குக் கேட்டு வந்த சீட்டுல இருபத்திரெண்டாயிரம்னு இருக்கு."

பெரியவள் கடைக்காரரை விட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

"நேத்து லட்சம்னுதானே சொன்ன?"

"ம்."

"கூட்டிட்டியா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா? இருபத்திரெண்டுக்கும் லட்சத்துக்கும் நடுவுல ஒரு ஊரே குடியிருக்கலாம். என்கிட்டயாவது உண்மையைச் சொல்லக் கூடாதா?"

"உன்கிட்ட சொன்னா உன் மூஞ்சி அப்பாகிட்ட சொல்லிடும்."

"சரி, இப்ப விஷயத்தைக் கேளு. டாக்டர் எனக்குப் போன் பண்ணினாரு. காலைல ஸ்கேன் எடுத்திருக்காங்க. கீழ வெச்ச குழாய் அடைச்சுக்கிச்சாம். மறுபடி சீழ் தேங்கியிருக்கு. முதுகு வழியா நேரா கிட்னிக்குள்ள ஒரு டியூப் போடணுமாம், இன்னைக்கே, சீக்கிரமே. உனக்குப் போன் போட்டிருக்காங்க, நீ எடுக்கல. அப்பாவைக் கேட்டிருக்காங்க."

"அப்பா?"

"விசில் ஊதிட்டாரு. கூடாதுன்னுட்டாரு. எண் தானா ஏறிட்டிருக்கு, எதுக்குக் குத்தணும்ங்கறாரு. குடும்பத்துல ஒருத்தர் இப்படித் தகராறு பண்ணும்போது அவங்களும் தயங்கறாங்க. நீ போ அக்கா. என்னால இந்த ஊசியோட எழுந்திரிக்க முடியாது."

பெரியவள் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். கற்களைத் துடைக்காமலேயே பெட்டிக்குள் வைத்து மூடினாள். இன்னொரு நாளாக இருந்தால் அந்தத் தராசு அங்கேயே பறிமுதல் ஆகியிருக்கும்.

"நாளைக்கு வரேன்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இன்றைக்கு யார் முகத்தில் விழித்தோமோ என்று வெங்காயக் கடைக்காரர் சந்தோஷப்பட்டார்.

---

காத்திருப்போர் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசை வரிசையாகத் தரையோடு திருகப்பட்டிருந்தன. முதல் வரிசையில் அப்பா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். எதிரில் ஓர் இளம் டாக்டர், ராத்திரி முழுக்கத் தூங்காத முகத்தோடு, கையில் கிளிப் போட்ட அட்டையுடன் நின்றார்.

"வந்துட்டா பாருங்க," என்றார் அப்பா. பெரியவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதியைப் பார்க்கத்தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "வாம்மா. இந்தத் தம்பிகிட்ட எடுத்துச் சொல்லு. வேற யாரோ பேஷண்ட்டோட ரிப்போர்ட்டைப் பாத்துட்டு வந்து நம்ம ஆளுக்கு டியூப் போடணும்ங்கறாரு."

"சார், இது உங்க வீட்டம்மாவோட ரிப்போர்ட்தான். இருபத்திரெண்டாயிரம்."

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. என் பொண்ணு எடை ஆய்வாளர். ஒரு கிராம் பிசகினா கடையையே இழுத்து மூடுவா. அவ லட்சம்னு சொன்னா லட்சம்தான். நீங்க போய் நல்லா விசாரிச்சுட்டு வாங்க."

டாக்டர் பெரியவளைப் பார்த்தார். லட்சம் என்கிற எண் எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கூடத்தில் இப்படிப்பட்ட மகள்களையும் மகன்களையும் அவர் தினமும் பார்க்கிறார்.

பெரியவளுக்குத் தப்பிக்க ஒரு சந்து தெரிந்தது. மூளை இந்த மாதிரி நேரத்தில் வெகு வேகமாக வேலை செய்யும்.

"அப்பா, அவர் சொல்றது சரிதான். நேத்து லட்சம். இன்னைக்குத் திடீர்னு இறங்கிடுச்சு. அதனால டியூப் போட்டுடலாம்."

சரியாகிவிடும் என்றுதான் நினைத்தாள். அப்பா எழுந்து நின்றார்.

"ஒரே ராத்திரில லட்சத்துலேருந்து இருபத்திரெண்டா? ராத்திரி யாரு டூட்டி? என்ன மருந்து குடுத்தீங்க? நல்லா ஏறிட்டிருந்த பொம்பளையை ஒரே ராத்திரில கவுத்துட்டு, இப்ப முதுகுல வேற குத்தணுமா? எனக்கு இங்க யார் மேலயும் நம்பிக்கை இல்ல. வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். சின்னவனைக் கூப்பிடு, வண்டிக்குச் சொல்லு."

பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இளம் டாக்டரின் காது மடல் சிவந்தது. "சார், பிரஷர் இவ்வளவு இறங்கிக் கிடக்கறப்ப அவங்களைப் படிக்கட்டைத் தாண்டிக் கொண்டுபோக முடியாது," என்றார்.

"அப்ப என்ன பண்ணித் தொலைச்சீங்கன்னு சொல்லுங்க."

தான் கூட்டிச் சொன்ன எண்ணுக்கு ராத்திரி டூட்டி நர்ஸ் பலி ஆகப் போகிறாள் என்று பெரியவளுக்குத் தெரிந்தது. அதைவிட, இங்கே வீணாகிற ஒவ்வொரு நிமிஷமும் மேலே அம்மாவின் உயிரிலிருந்து கழிந்துகொண்டிருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று அவளால் சொல்ல முடிந்திருக்காது.

"அப்பா, உக்காருங்க. நேத்து லட்சம் இல்ல."

"என்ன?"

"நேத்து முப்பத்தெட்டு. அதுக்கு முன்னாடி அம்பது. எண்பத்தஞ்சும் பொய், லட்சமும் பொய். எண் ஒரு நாள்கூட ஏறல. இறங்கிட்டேதான் இருக்கு. இவங்க யாரும் ஒண்ணும் பண்ணல. நான்தான் கூட்டிச் சொன்னேன்."

அப்பா உட்கார்ந்தார். திட்டுவார் என்று பெரியவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். "ஏறிட்டிருக்கு, ரெண்டு நாள் பொறுத்தா தைரியமாக் குத்தலாம்னு நினைச்சேன் தம்பி."

"நேர் எதிர் சார். சீழ் உள்ள இருக்கற வரைக்கும் அது ஏறாது. நாள் ஆக ஆக இறங்கும். இறங்க இறங்கக் குத்தறதும் ஆபத்து. இப்ப பை பையா ஏத்தி, ஐம்பதாயிரத்துக்கு மேல கொண்டுவந்து, அது மறுபடி விழறதுக்குள்ள டியூபைப் போட்டுடணும். அதுலயும் ரத்தம் கசியற ஆபத்து இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"போடாம விட்டா?"

"போடாம விட்டா அவங்க தாங்க மாட்டாங்க சார்."

அம்மாவின் உயிரைப் பற்றி இந்தக் கூடத்தில் அப்பாவிடம் ஒருவர் தண்ணீர் கலக்காமல் சொன்ன முதல் வாக்கியம் அது. அவர் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

ஊதின விசிலை அவர் திரும்ப எடுத்துக்கொண்டதை அன்றைக்குத்தான் பெரியவள் பார்த்தாள்.

போட்டு முடித்ததும், "நான் அவளைப் பாக்கணும்," என்றார்.

இத்தனை நாளும் முழங்காலைக் காரணம் காட்டி அவர் மேலே போகவில்லை. லிஃப்ட் இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். இந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

---

அம்மாவின் வாயில் சுவாசக் குழாய். ஊசி குத்திய இடங்களிலெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. கெண்டைக்காலில் சிவப்பு மையைத் தெளித்தது போலப் பொடிப் பொடியாகப் புள்ளிகள். தட்டணு குறைந்தால் அப்படித்தான் தோலுக்கடியில் கசியும் என்று டாக்டரம்மா பெரியவளுக்கு முன்பே சொல்லியிருந்தார். அப்பாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவர் கட்டிலோரம் நின்றார். தொடலாமா என்று கண்ணாலேயே நர்ஸைக் கேட்டார். தொடலாம் என்றாள். அம்மாவின் உள்ளங்கைக்கு அடியில் தன் கையை வைத்துக்கொண்டார்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல," என்றார்.

மயக்க மருந்தில் இருக்கிற அம்மா என்ன பதில் சொல்வாள். அந்தக் கேள்வி தனக்கும் சேர்த்துத்தான் என்று பெரியவளுக்குப் பட்டது.

வெளியே வந்ததும் அப்பா லிஃப்டுக்குக் காத்திருந்தபடி சொன்னார். குரலில் கோபமே இல்லை. யார் எந்த இடத்தில் ஆட வேண்டும் என்று பையன்களுக்குச் சொல்கிற மாதிரி இருந்தது.

"இனிமே மேல போய்க் கேட்டுட்டு வர்றது சின்னவன். நீ கீழ இரு."

"சரிப்பா."

இத்தனை வருஷத்தில் அவளைப் பணியிட மாற்றம் செய்திருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள், ஒரு தடவை வண்டிச் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டிருக்கிறார்கள். அதெல்லாம் அவளை ஒன்றும் செய்ததில்லை. இந்த ஒரு வாக்கியம் தாங்கவில்லை. மகளிர் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மத்தியானத்துக்குள் வெளிர்மஞ்சள் நிறத்தில் பை பையாகத் தட்டணு ஏறியது. ஐம்பத்து நாலாயிரம் என்று எண் வந்த உடனே டியூபைப் போட்டார்கள். டாக்டரம்மா கீழே இறங்கி வந்து, அதற்குள் வந்துசேர்ந்திருந்த சின்னவனோடு மூன்று பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார்.

"சீழ் நல்லா வருது. கசிவு பெருசா இல்ல. அது ரெண்டும் நல்ல செய்தி. ஆனா ஒண்ணு, இந்த ஐம்பத்து நாலு நாங்க ஏத்திவிட்டது. உடம்பு அதைச் செலவு பண்ணிடும். சாயங்காலம் இறங்கினா பதற வேண்டாம். தானா ஏற நாலஞ்சு நாள் ஆகலாம். நடுவுல பிரஷரும் சேந்து விழுந்தா, அப்ப நான் உங்க எல்லாரையும் கூப்பிடுவேன்."

எதற்குக் கூப்பிடுவார் என்று யாரும் கேட்கவில்லை.

---

சாயங்காலம் கூடத்தில் விளக்குப் போட்டார்கள். ஒரு பெண் தரையை நனைத்துத் துடைத்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். சின்னவன் முழங்கை மடிப்பில் ஒட்டுப் பிளாஸ்திரியோடு மேலே போயிருந்தான். அப்பாவும் பெரியவளும் ஒரு நாற்காலியை நடுவில் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் கைப்பேசி அதிர்ந்தது. மேலேயிருந்து நர்ஸ். பெரியவள் எழுந்து தள்ளிப் போய்ப் பேசினாள்.

"உங்க நம்பர்தான் மேடம் எங்ககிட்ட பதிஞ்சிருக்கு. எண் வந்திடுச்சு, பத்தொன்பது. பிரஷர் விழாம இருக்கக் குடுக்கற மருந்தையும் கொஞ்சம் கூட்டியிருக்காங்க. உங்க தம்பிகிட்ட சொல்லிட்டேன். ஆனா அவர் முகம் போன போக்கே சரியில்ல. அதான் உங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு."

"ரொம்ப நன்றி சிஸ்டர்."

அவள் திரும்பி வருவதற்கும் சின்னவன் படியிறங்கி வருவதற்கும் சரியாக இருந்தது. அவன் அக்காவைப் பார்க்கவில்லை. நேராக அப்பா முன்னால் வந்து நின்றான்.

"ஸ்கோர் என்னடா?" என்றார் அப்பா.

"முப்பத்தஞ்சுப்பா." பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டான். "கொஞ்சம் இறங்கியிருக்கு, அவ்வளவுதான். டாக்டரம்மா பரவாயில்லன்னாங்க."

காலையில் அக்காவை வாங்கு வாங்கென்று வாங்கியவன்தான். அப்பாவின் கண்ணைப் பார்த்ததும் அவனுக்கும் அதே வியாதி வந்துவிட்டது. பெரியவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. மேலே அந்த எண்ணைக் கேட்டுவிட்டு, கீழே இந்த முகத்தைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அப்பா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"பெரியவளே, சரியா?"

லிஃப்டின் முன்னால் பேசியதற்கு அப்புறம் அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. ஆமாம் என்று சொன்னால் தம்பி தப்பிப்பான், அப்பா இன்றைக்கு எதையாவது சாப்பிடுவார், ராத்திரி கழியும். சின்னவன், அப்பா தன்னைப் பார்க்காத நேரத்தில், வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான்.

"இல்லப்பா. பத்தொன்பது. பிரஷர் மருந்தையும் கூட்டியிருக்காங்க."

"பத்தொன்பது," என்று அப்பா ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"எனக்கு வாய் வரலப்பா," என்றான் சின்னவன்.

"உக்காருடா. கையை மடக்காத, ரத்தம் வரும்." அப்பா நடுவிலிருந்த காலி நாற்காலியைத் தட்டிக்காட்டினார். "உன்னை என்ன சொல்றது. என் யோக்கியதை மட்டும் என்ன வாழுது."

அப்போது அவருடைய கைப்பேசி அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, எடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சித்தியா?" என்றாள் பெரியவள். அம்மாவின் ஒரே தங்கை. ரயிலில் ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில் இருக்கிறாள்.

"ஆமா. மத்தியானமும் பண்ணினா. கிளம்பி வர்றேன்னா. வேணாம், லட்சத்தைத் தாண்டிடுச்சு, உங்கக்கா எழுந்து உக்காந்ததும் நானே கூப்பிடறேன்னு சொல்லிட்டேன்."

"மத்தியானமா? அதுக்குள்ள உங்களுக்குத்தான் தெரியுமேப்பா."

"தெரியும்." அப்பா தரையைப் பார்த்தார். "அவ அழுதா. எனக்குச் சொல்ல வரல."

மணி விடாமல் அடித்தது. சின்னவன் தன் பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா கைப்பேசியை அவனைத் தாண்டி நீட்டினார்.

"நீ சொல்லும்மா. நீதான் சொல்லணும். ஒண்ணும் கூட்டாத, குறைக்காத."

பெரியவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"மாமா?" என்றது சித்தியின் குரல். "சாயங்கால எண் வந்திடுச்சா? எவ்வளவு ஏறியிருக்கு?"

"சித்தி, நான்தான் பேசறேன். ஏறல சித்தி. லட்சமெல்லாம் இல்ல. பத்தொன்பதாயிரம். டியூப் போட்டிருக்காங்க, சீழ் வந்துட்டிருக்கு. ஆனா பிரஷர் நிக்கல."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"நான் என்ன பண்ணட்டும்?" என்றாள் சித்தி கடைசியில், ரொம்ப மெதுவாக.

அதற்குச் சொல்ல வேண்டியது, இந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லாத வார்த்தை. பெரியவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையை அசைத்தார்.

"கிளம்பி வாங்க சித்தி," என்றாள்.